நாள் சொல்லாத கடை: காரைக்குடியில் வருமான வரி ரிட்டர்ன் போட ஓர் இடம்

2025 ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. முதல் நாள்தான் பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி, ஊரே போய் வந்த அலுப்பில் இருந்தது. பதினொரு மணி இடைவேளையில் ஆசிரியர் அறையில் போனை எடுத்துப் பார்த்தால், வங்கியிலிருந்து செய்தி: 20,250 ரூபாய் வரவு. கூடுதலாகப் பிடித்த வருமான வரி திரும்பி வந்திருக்கிறது, அதுதான் ரீஃபண்டு. ரிட்டர்ன் போட்டது ஆகஸ்ட் 6. கணக்குப் பார்த்தால் 22 நாள்.

எதிரில் இருந்த டீச்சர் உடனே கேட்டார்: "எப்படி உங்களுக்கு மட்டும் வந்துச்சு? நான் ஜூன்லயே போட்டேனே!" ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணி வந்தால் எங்கள் அறையில் இந்தப் பேச்சுதான். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, யார் எங்கே போட்டார்கள். அவருக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாதச் சம்பளக்காரர்கள் யாருக்காவது உதவும்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் 2001 முதல் வேலை பார்க்கிறேன். வீடு கோட்டையூர். கடை காரைக்குடியில், செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரப் பெண் கேட்டுக்கொண்டார். ஜூலையில் இப்போதே கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லையாம். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன், கடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய வீடு ஒன்றின் முகப்பை ஒட்டிய அறை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பி.காம். படித்துவிட்டு மதுரையில் ஓர் ஆடிட்டரிடம் எட்டு வருடம் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இங்கே வந்ததும் தனியாகத் தொடங்கினார். உள்ளே இரண்டு பேர்தான் உட்காரலாம், மற்றவர்கள் திண்ணையில். முதல் தடவை போனபோது உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, எல்லாரும் கேட்பதுதான்: "ரீஃபண்டு எத்தனை நாள்ல வரும்மா?"

"அதை நான் சொல்ல மாட்டேன் டீச்சர். முதல்ல உங்க பான் கார்டு, ஆதார், பாஸ்புக்கு மூணையும் எடுங்க."

எனக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது உண்மை. அதற்கு முன் நான் போன இடங்களில் "பத்தே நாள்ல வந்துரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். பென்சிலால் ஒவ்வொன்றிலும் பெயரைத் தொட்டுக் காட்டினார். பான் கார்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் அப்படி ஆகிவிட்டது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக இருந்தது. பாஸ்புக்கில் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய வீட்டுக்காரரின் இனிஷியல். நான் ஒருத்திதான், மூன்று அட்டையிலும் மூன்று பேராக இருந்தேன். "ரீஃபண்டு அனுப்புறது ஸ்டேட் பேங்க். பான்ல இருக்கிற பேரும் பேங்க்ல இருக்கிற பேரும் ஒத்துப்போகணும். வருமான வரி போர்ட்டல்ல உங்க அக்கவுண்ட் வேலிடேட் ஆகியிருக்கணும், ரீஃபண்டுக்குன்னு அதைத் தேர்ந்தெடுத்திருக்கணும். இது சரியில்லைன்னா பணம் போயிட்டுத் திரும்பி வந்துரும்" என்றார். போர்ட்டலைத் திறந்து காட்டினார். என் கணக்குக்கு நேரே சிவப்பில் வேலிடேஷன் தோல்வி என்றிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது, நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனிஷியல் நமக்குச் சாதாரண விஷயம், அப்பா பெயரோ வீட்டுக்காரர் பெயரோ முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். கணினிக்கு அது வேறு ஆள். நான் வங்கிக்கு இரண்டு நடை நடந்து, பான் கார்டையும் கல்யாணப் பதிவுச் சான்றையும் கொடுத்து, பான் கார்டில் உள்ளபடியே பெயரை மாற்றினேன். அதற்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை அந்தப் பெண் என் ரிட்டர்னைத் தொடவே இல்லை.

இது 2023 டிசம்பரில் நடந்தது. நான் அங்கே போகக் காரணமே வேறு. எனக்குச் சிறப்புநிலை என்ற சம்பள உயர்வுக்கான ஆணை தாமதமாக வந்து, அரியர் (நிலுவைச் சம்பளம்) மொத்தமும் 2022-23 நிதியாண்டில் ஒரே தொகையாகக் கையில் விழுந்தது. முந்தைய வருடங்களில் வரவேண்டிய பணம் ஒரே வருடத்தில் வந்தால் வரி எகிறிவிடும். அதற்காகத்தான் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தந்த வருடத்துக்குப் பணத்தைப் பிரித்துப்போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்பதற்கு 10இ என்று ஒரு படிவம் உண்டு, ரிட்டர்ன் போடும் முன்பே அதைப் போர்ட்டலில் போட்டாக வேண்டும். ஜூலை 30 ராத்திரி அவசரமாகப் போனிலேயே ரிட்டர்ன் போட்ட எனக்கு அது தெரியவில்லை. சலுகைத் தொகையை மட்டும் கட்டத்தில் எழுதிவிட்டேன். ரீஃபண்டு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் சலுகை மறுக்கப்பட்டு, நான் இன்னும் வரி கட்ட வேண்டும் என்று வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெண் படிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். "10இ போடலையே டீச்சர். டிசம்பர் 31 வரைக்கும் திருத்திய ரிட்டர்ன் போடலாம், இன்னும் ரெண்டு வாரம் இருக்கு." பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடி எடுத்துவரச் சொன்னார். வருடவாரியாகப் பிரித்து 10இ போட்டு, அதன்பின் திருத்திய ரிட்டர்ன் போட்டார். பிப்ரவரியில் பணம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு எங்கும் போவதில்லை.

அதற்கும் முன்னால் 2019-இல் பட்டது இதைவிட மோசம். அப்போது போன வேறொரு ஊர்க் கடையில் ரிட்டர்னை அனுப்பி, ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்து, "முடிஞ்சுது" என்றார்கள். நானும் பத்திரமாகப் பைலில் வைத்தேன். அது பெங்களூரு மத்திய செயலாக்க மையத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டிய தாள்! இல்லையென்றால் ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபை செய்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அப்போது அதற்கு 120 நாள் அவகாசம் இருந்தது, அதுவும் போனது. வெரிஃபை ஆகாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்னுக்குச் சமம். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். தாமதத்தை மன்னிக்கும்படி விண்ணப்பம் போட்டு, அது ஏற்கப்பட்டு, பணம் கைக்கு வரும்போது ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது அந்த அவகாசம் 30 நாள்தான், 2022 ஆகஸ்டு முதல்.

ரீஃபண்டுக்கான நாள் கணக்கு வெரிஃபை ஆன பிறகுதான் ஓடத் தொடங்கும். ரிட்டர்ன் போட்ட தேதியைச் சொல்லி "ரெண்டு மாசம் ஆச்சே" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வெரிஃபை எப்போது ஆனது?

இந்தக் கடையில் ஓடிபி போட்டு ஒப்புகைச் சீட்டு திரையில் வரும் வரை யாரையும் எழுந்திருக்க விடுவதில்லை. இந்த ஆகஸ்டில் எனக்கு முன்னால் கண்டனூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். எல்லாம் முடிந்து ஓடிபி அனுப்பினால் அவர் போனில் வரவில்லை. ஆதாரில் இருந்த நம்பர் மகனுடையது, மகன் சிங்கப்பூர் போகும்போது அந்த சிம்மையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். "வீட்டுக்குப் போய்ச் சாயங்காலமாப் பண்ணிக்கிறேன்" என்று பெரியவர் எழுந்தார். "உக்காருங்கய்யா, போன் போடுங்க" என்று அந்தப் பெண் விடவில்லை. வாட்ஸாப்பில் மகனைக் கூப்பிட்டார்கள். அவர் வேலைக்கு நடுவில் அந்த சிம் போட்ட பழைய போனைத் தேடி எடுத்து, ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல, பெரியவர் திருப்பிச் சொல்ல, அந்தப் பெண் தட்டினார். முதல் தடவை நேரம் முடிந்துபோனது, இரண்டாம் தடவை ஏறியது. திண்ணையில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கிளம்பும் முன் "ஆதார்ல உங்க நம்பரை மாத்திருங்கய்யா" என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

எங்கள் அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ராத்திரி வரவும் செலவும் ஒத்துப்போகாமல் சாப்பிட உட்கார மாட்டார். நாலணா இடிக்கிறது என்றால் சோறு ஆறிப்போகும், அம்மா மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பெண் வேலை பார்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வருகிறது. அலுவலகம் தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐ இடது கையில் வைத்துக்கொண்டு, திரையில் நம் பான் எண்ணில் ஏறிய வரியின் பட்டியலான 26ஏஎஸ்-ஐத் திறந்து, மாதாமாதம் பிடித்த வரி ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து நகர்த்திச் சரிபார்க்கிறார். அப்புறம் ஆண்டுத் தகவல் அறிக்கையை எடுத்து வங்கி வட்டி ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு ரூபாய் இடித்தாலும் நிறுத்திவிடுவார்.

இதனால்தான் ஜூன் 15-க்கு முன்னால் யார் போனாலும் திருப்பி அனுப்புகிறார். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான கணக்கை அலுவலகம் மே 31-க்குள்தான் தாக்கல் செய்ய வேண்டும். ஃபார்ம் 16 கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 15. அதற்கு முன் போட்டால் நம் சம்பளத்தில் பிடித்த வரி முழுதாக ஏறியிருக்காது. நாம் 40,000 பிடித்தார்கள் என்போம், அங்கே 28,000 தான் இருக்கும், ரீஃபண்டு அதற்கேற்பக் குறையும் அல்லது நிற்கும். "ஜூன்லயே போட்டேனே" என்ற எங்கள் டீச்சருக்கு நடந்தது இதுதான். அதிலும் அவருக்கு இன்னொரு கோளாறு: அவர் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து, இரண்டு மாத வரி அவர் கணக்கில் ஏறவே இல்லை. அலுவலகம் திருத்தக் கணக்கு போட்டால்தான் அது சரியாகும். நாம் ரிட்டர்னில் எத்தனை திருத்தினாலும் ஆகாது. அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். பத்து மாதம் உழைத்துச் சம்பாதித்த பணத்திலிருந்து பிடித்ததை, பிடித்தவர்களே ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு இதில் கோபம் உண்டு. சம்பளப் பட்டியல் போடும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பான் எண்ணைப் பாருங்கள்.

எனக்கு இந்த வருடம் ரீஃபண்டு வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்கு இதே நிலைமை இருக்கும். 2024-25-இல் என் சம்பளம் 9,60,000. வரிக் கணக்கில் இரண்டு முறை உண்டு: கழிவுகள் நிறைய உள்ள பழையது, வரி விகிதம் குறைந்த புதியது. எந்த முறை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் வரி பிடிப்பார்கள். நான் பழைய முறை வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாள் அலுவலகத்தில் எங்கோ தங்கிவிட்டது. சம்பளக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள நிலையான கழிவு 75,000 போக, செஸ் என்ற கூடுதல் வரியோடு 40,040 பிடித்துவிட்டார்கள். எனக்கு வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், பிராவிடன்ட் ஃபண்டும் எல்ஐசியும் சேர்ந்து 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, பழைய முறைக்கான நிலையான கழிவு 50,000. இதையெல்லாம் கழித்தால் வரி 20,280 தான். மீதி 19,760. சம்பளம் மட்டும் வாங்குகிறவர்கள் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் அதிலேயே பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். தேதி தாண்டினால் அந்த வாய்ப்பு போய்விடும். 2025-இல் கடைசித் தேதியை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளினார்கள், அப்புறம் இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள்.

வந்த தொகை 20,250 என்றேனே, கூடுதல் 490 எங்கிருந்து? அது வட்டி. 244ஏ பிரிவில் மாதத்துக்கு நூற்றுக்கு ஐம்பது பைசா. நம் ஊர்ப் பேச்சில் அரை வட்டி. கடைசித் தேதிக்குள் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1-இலிருந்து எண்ணுவார்கள், குறை மாதத்தையும் முழு மாதமாகவே எடுப்பார்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஐந்து மாதம், 19,760-இல் நூறுக்குக் குறைந்ததை விட்டு 19,700-க்கு, நூற்றுக்கு இரண்டரை ரூபாய் வீதம் 492 ரூபாய் சொச்சம். மொத்தத்தைப் பத்தின் மடங்காக ஆக்கினால் 20,250. காசு விடாமல் ஒத்துப்போனதைப் பார்த்து, அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன். ரீஃபண்டு தொகை நமக்கு விழும் வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இந்த வட்டி கிடையாது. வந்த வட்டியை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்டவும் வேண்டும். அந்தப் பெண் எனக்காக ஒரு சின்னச் சீட்டில் "வட்டி 490, அடுத்த வருஷம்" என்று எழுதிப் பைலின் முதல் பக்கத்தில் குத்திவிட்டார்.

அப்படியானால் சாதாரணமாக எத்தனை நாள்? ரிட்டர்னைப் பரிசீலித்து முடிக்க 2013-14-இல் சராசரி 93 நாள் ஆனது பத்து நாளாகக் குறைந்துவிட்டது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட் உரையில் சொன்னார். பணம் வங்கிக்கு வர, வெரிஃபை செய்ததிலிருந்து நாலைந்து வாரம் ஆகும் என்று போர்ட்டலிலேயே போட்டிருக்கிறார்கள். சட்டம் கொடுக்கும் அவகாசம் அதைவிடப் பெரியது. எந்த நிதியாண்டில் ரிட்டர்ன் போட்டோமோ அது முடிந்து ஒன்பது மாதம் வரை 143(1) அறிவிப்பு அனுப்பலாம். 2025 ஆகஸ்டில் போட்டதற்கு 2026 டிசம்பர் வரை. எனக்கு 2024-இல் 14 நாள், 2025-இல் 22 நாள். ஆறேழு வாரம் தாண்டினால் போர்ட்டலில் நிலையைப் பாருங்கள். பழைய வரி பாக்கி ஏதாவது இருந்து அதற்கு ஈடாகப் பிடிக்கப்போவதாக 245 பிரிவில் அறிவிப்பு வந்திருந்தால், பதில் சொல்ல 21 நாள்தான் தருவார்கள். மின்னஞ்சலைத் திறந்து பார்க்காமல் இருக்கிறவர்களுக்கு அந்த நாள் ஓடிவிடும்.

போனில் "உங்கள் ரீஃபண்டு தயார், இந்த இணைப்பைத் தொடுங்கள்" என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் பள்ளிகளுக்கே வந்து, "பிடிச்ச வரி மொத்தத்தையும் திருப்பி வாங்கித் தர்றேன், வர்றதுல பத்து பர்சென்ட் எனக்கு" என்று பேசினார். கொடுக்காத வீட்டு வாடகை, போடாத நன்கொடை என்று எழுதுவார்களாம். சிலர் போனார்கள், பணமும் சீக்கிரம் வந்தது. 2025 ஜூலை 14 அன்று, இப்படிப் பொய்க் கழிவு காட்டிக் கொடுக்கிறவர்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்திய பிறகு அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பொய்க் கணக்கு என்று ஆனால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும், அதைக் கட்டுவது ரிட்டர்ன் யார் பெயரிலோ அவர்தான். திண்ணைக் கடையில் ரசீது இல்லாத ஒரு ரூபாயைக்கூட எழுத மாட்டார்கள். "எங்க மாமியார்க்கு மருந்துச் செலவு நிறைய ஆச்சும்மா" என்று நானே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "பில்லு இருக்கா டீச்சர்?" என்றார். இல்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

குறையே இல்லையா என்றால், உண்டு. மதியம் ஒன்றரைக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார். ஜூலை கடைசி வாரம் போனால் அரை நாள் போய்விடும். தொலைபேசியில் எடுப்பதே இல்லை. நேரில் போனால்தான் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு இது கஷ்டம். வாங்கும் 500 ரூபாய்க்கு ரசீது கேட்டால்தான் தருவார், கேட்காமலே தர வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அரியர், 10இ என்று வந்தால் 800. அவர் காட்டும் பொறுமைக்கு இது குறைந்த கூலி. ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன்.

போகிறவர்கள் பான், ஆதார், பாஸ்புக், ஃபார்ம் 16, வீட்டுக்கடன் வட்டிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் உள்ள நம்பரோடு இருக்கும் போன் கட்டாயம் கையில் இருக்கட்டும். சாயங்காலம் நான்கு மணிக்கே போய்விட்டால் முதல் ஆளாக உட்காரலாம். திண்ணையில் மின்விசிறி கிடையாது, ஒரு பனையோலை விசிறியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோங்கள்.